விக்கல் நின்னுடுச்சா?

சிரிக்கத்தான் போகிறீர்கள் ஆன்ட்டி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் இப்போது வேண்டாம். அந்த இடம் வரும்போது நானே சொல்கிறேன். அதுவரைக்கும் இதே முகத்தோடு கேட்க வேண்டும், சரியா?

பையில் என்ன கலகலவென்கிறது என்றுதானே கேட்டீர்கள்? பாட்டில். காலி பாட்டில். பீர் பாட்டில்தான். ஐயோ, அப்படிப் பார்க்காதீர்கள், நான் குடிக்கிறவள் இல்லை. எனக்குப் பதினேழு வயது. பீர் என் மாமாவுடையது. பாட்டிலும் அவருடையது. கழுவிய கை மட்டும் என்னுடையது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் திலோத்தமா, வீட்டில் திலோ. எனக்கு ஒரு வித்தை தெரியும். யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பேசுவேன். ஏறும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, எனக்கு முட்டி வலி." பார்த்தீர்களா, அந்த 'முட்டி'யில் ஒரு சின்ன முனகல் வருகிறதே, அதுதான் கஷ்டம். அதைப் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக வந்துவிடும். எங்கள் பள்ளி முதல்வர் குரலில் அறிவிப்புச் செய்து ஒருநாள் மொத்தப் பள்ளியையும் திடலில் நிற்க வைத்திருக்கிறேன். அது வேறு கதை. அதற்கும் சிரிக்கக் கூடாது.

என் அம்மாவின் தம்பி குணாளன் மாமா எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை. லீவு நாளில் வீட்டில் பீர் காய்ச்சுவார். விற்பதற்கில்லை, குடிப்பதற்கும் பெரிதாக இல்லை. போட்டிக்கு. வருஷத்துக்கு ஒருமுறை, வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லாம் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். நடுவர்கள் மூக்கை விட்டு மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்துவிட்டு, வானத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் கருத்துச் சொல்வார்கள். போன வருஷம் மாமாவின் பீருக்குக் கிடைத்த கருத்து என்ன தெரியுமா? வைரக்கண்ணு சார் என்று ஒரு நடுவர். மூக்காலேயே பேசுவார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு 'வந்து', ஒரு உறிஞ்சல். மேடையிலேயே சொன்னார்: "வந்து… ஸ்ஸ்… இந்தப் பீர்ல… ஒரு நாய் மழையில நனைஞ்சு வந்து… ஸ்ஸ்… போர்வையில படுத்து எந்திரிச்ச வாசம் இருக்கு."

மாமா கைதட்டினார் ஆன்ட்டி! பாராட்டு என்று நினைத்துவிட்டார். அப்பேர்ப்பட்ட வெள்ளந்தி. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்றில் அம்மா அப்பா. ஒன்றில் மாமா. நான் ஹாலில், சோபாவில். ஆனால் மூன்றாவதாக ஒரு அறை இருக்கிறது. பாம் ஷெல்டர். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள, கனத்த சுவரும் இரும்புக் கதவுமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்களே, அதுதான். மற்ற வீடுகளில் அதில் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் இருக்கும். எங்கள் வீட்டில் பீர் இருக்கிறது. நாளைக்கு யாராவது குண்டு போட்டால் நாங்கள் எல்லாரும் போய்விடுவோம், மாமாவின் பீர் மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

அந்த அறை எனக்கு வேண்டும். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே கத்துவது வெளியே கேட்காது. நான் குரல் பழக, பதிவு செய்ய, அதைவிட நல்ல இடம் சிங்கப்பூரிலேயே கிடையாது. ஹாலில் பழகினால் அம்மா, "ஏய் திலோ, செத்துப்போன உங்க தாத்தா குரல்ல பேசாதடி, எனக்குப் பகீர்ங்குது" என்று கரண்டியோடு வருவார்.

பொங்கலன்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "குணா, இந்த வருஷம் உன் பீருக்கு முதல் மூணு இடத்துல ஒண்ணு கிடைச்சா ரூம் உனக்கு. இல்லைன்னா வாளியெல்லாம் வெளிய, ரூம் அவளுக்கு. அதுக்கப்புறம் ரெண்டு பேர் சண்டையும் என் காதுல விழக் கூடாது."

மாமா தோற்க வேண்டும். அவ்வளவுதான். அவர் தானாகவே தோற்பார், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கொஞ்சம் தள்ளிவிட்டால் நல்லதுதானே?

சிரிப்பு எங்கே வரும் என்று தேடுகிறீர்கள். சொல்கிறேன். ஏமாற்றுவதில் சிரிப்பே இல்லை ஆன்ட்டி. ஏமாந்தவருக்கு விஷயம் உறைக்கிற நொடி இருக்கிறதே, அதில்தான் இருக்கிறது எல்லாம். முதலில் கண் அப்படியே நிற்கும். அப்புறம் வாய் கொஞ்சம் திறக்கும். கடைசியில் காது சிவக்கும். காது சிவப்பதைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு பாடுபடுகிறேன். மாமாவின் காது இன்னும் சிவக்கவில்லை. அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறேன்.

மாசி மாதம் மாமா காய்ச்சினார். மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, வாசனைக்குப் பாண்டான் இலை இரண்டு முடிச்சு போட்டார். ஆறவைத்து ஈஸ்ட்டைத் தூவி வாளியை மூடினார். மூடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கும், தண்ணீர் நிரப்பி. உள்ளே நுரைக்க நுரைக்க காற்று அதன் வழியாக ப்ளக், ப்ளக் என்று வெளியே வரும். முதன்முதலில் அதைக் கேட்டபோது எனக்கு ஆறு வயது. "மாமா, வாளிக்கு விக்கல்" என்றேனாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு விக்கல் என்றுதான் பெயர். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. விக்கல் நின்றால் பீர் பாட்டிலுக்குத் தயார் என்று அர்த்தம்.

என் தோழி சியூ லிங்கின் போனை வாங்கிக்கொண்டு எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, தூண்கள் மட்டும் நிற்கிற வாய்ட் டெக்கில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். மூக்கை லேசாகப் பிடித்தேன்.

"வந்து… ஸ்ஸ்… குணாளனுங்களா? நான் வைரக்கண்ணு பேசறேன். இந்த வருஷம் போட்டியாளர்களுக்கு நானே நேரா ஆலோசனை சொல்றேன். வந்து… விக்கல் நின்னுடுச்சா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பெரிய மனிதர் தன்னைக் கூப்பிட்டுவிட்டாரே என்று மாமாவுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது போலிருக்கிறது. அப்புறம் ஒரு இருமல். அப்புறம், "இன்னும்… இன்னும் இல்லீங்க சார்." குரல் நடுங்கியது ஆன்ட்டி. கிடுகிடுவென்று நடுங்கியது. பயம்!

அந்த நேரம் பார்த்து ஐஸ்கிரீம் வண்டிக்காரர் என் பக்கத்தில் வந்து மணியை அடித்தார். மேலே எங்கள் வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. மாமா, "சார், உங்க பக்கமும் ஐஸ்கிரீம் வண்டி வந்துடுச்சா?" என்றார். வேறு யாராக இருந்தாலும் போனைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். நான் யார்? "வந்து… ஐஸ்கிரீம் வண்டி எல்லாருக்கும் பொதுவானது, குணாளன்" என்றேன். மறுபடி இருமல். "உண்மைதான் சார். ரொம்பப் பெரிய வார்த்தை" என்றார்.

அவ்வளவுதான், விழுந்துவிட்டார். இனி என்ன சொன்னாலும் செய்வார்.

அடுத்த போனில் சொன்னேன், "ஈஸ்ட் உசிருள்ள பொருள். விடியறதுக்கு முன்னால அதுக்குத் தினமும் தாலாட்டுப் பாடணும்." மாமா விடியுமுன் எழுந்து வாளிக்கு முன்னால் உட்கார்ந்து பாடுவதை நினைத்து எனக்கு அப்போதே வயிறு வலித்தது. மாமா என்ன சொன்னார் தெரியுமா? "சார், என் குரல் கேட்டா ஈஸ்ட் செத்துடும். என் அக்கா பொண்ணுக்கு அருமையான குரல். அவ பாடலாமா?"

நான் என்ன சொல்ல முடியும்? வைரக்கண்ணு சார் மாட்டேன் என்பாரா? "வந்து… பாடலாம்" என்றேன்.

ஆக, பள்ளிக்குப் போகுமுன் இருட்டோடு எழுந்து பாம் ஷெல்டரில் உட்கார்ந்து வாளிக்குத் தாலாட்டுப் பாடியது நான். எனக்குத் தாலாட்டும் தெரியாது. ரயில் அறிவிப்பைத்தான் ராகம் போட்டுப் பாடினேன். "கதவுகள் மூடுகின்றனவே… கண்ணே… இடைவெளியைப் பார்த்து நடப்பாயே…" மாமா வாசலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்று, "இன்னும் கொஞ்சம் மெதுவா, திலோ. ஈஸ்ட் முழிச்சிக்குது" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் ஒரு மடிப்பாவது இருக்க வேண்டுமே! அவ்வளவு நம்பியிருந்தார் பாவம்.

சிரிக்காதீர்கள். இது அந்த இடம் இல்லை.

மூன்றாவது போன். மால்ட் சக்கை இருக்கிறதே, வடித்த பிறகு மிஞ்சுவது, ஈரமாக, ஒரு வாளி நிறைய. "அதை லிஃப்ட்ல கொண்டுபோனா வீட்டுல இருக்கிற பீருக்கு ராசி போயிடும், படியிலதான் இறக்கணும்" என்றேன். நாங்கள் பதினோராவது மாடி. மாமா உடனே, "சார், எனக்கு மூட்டு தேய்ஞ்சிடுச்சு. வேலையில பெட்டி தூக்கித் தூக்கி…" என்று ஒரு மாதிரி அழுதார். எனக்கே பாவமாகிவிட்டது. அடுத்தமுறை காய்ச்சினபோது சக்கையை இறக்கியது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது.

பேச்சோடு பேச்சாக ரூம் விஷயத்தையும் நுழைத்துப் பார்த்தேன். "வந்து… உங்க அக்கா பொண்ணு ரொம்ப அறிவாளி போலிருக்கு. அவளுக்குத் தனியா ஒரு ரூம் கொடுத்தா நல்லா வருவா."

"கொடுக்கலாம் சார். ஆனா கொஞ்சம் சோம்பேறி."

"யாரு? நானா?"

வாய் தவறிவிட்டது. என் சொந்தக் குரலிலேயே வந்துவிட்டது. உடனே மூக்கை இறுக்கிப் பிடித்து, "ஸ்ஸ்… நானா இருந்தா அப்படிச் சொல்ல மாட்டேன்னு சொல்ல வந்தேன்" என்று திருப்பினேன். எப்படி? மாமா மறுபடி இருமினார். அந்த மாதம் முழுக்க மாமாவுக்கு ஒரே இருமல். அம்மா இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

கடைசியாகப் போட்டேன் பாருங்கள் ஒரு குண்டு. ஏழு தண்ணீர். "பாட்டில்ல அடைக்கிறதுக்கு முன்னால ஒவ்வொரு பாட்டிலையும் ஏழு தண்ணியில கழுவணும். ஆறு இல்ல, எட்டு இல்ல. ஏழு." இது நானே உண்டாக்கியது. உலகத்தில் எந்தப் பீர்க்காரனும் கேள்விப்பட்டிருக்க மாட்டான். மாமா பாட்டில் கழுவுகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். குழாயடியில் ஒருமுறை காட்டுவார், உதறுவார், 'ஆச்சு' என்பார். அப்படிப்பட்டவருக்கு ஏழு தண்ணீர்! இடுப்பு ஒடிந்து போட்டியே வேண்டாம் என்று ஓடிவிடுவார் என்பது என் கணக்கு.

அவருக்கு முந்தின நாள்தான் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "அஞ்சாவது தண்ணிதானே ஆச்சு? சார் ஏழுன்னு சொன்னார் கண்ணு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். என் விரல் எல்லாம் ஊறிப்போய் திராட்சை மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரே குதூகலம். யோசித்துப் பாருங்கள், இல்லாத ஒரு விதியை இந்த மனிதர் இப்படி நம்புகிறாரே!

போட்டி நாள் வந்தது. எனக்கு ஒரே பயம். உண்மையான வைரக்கண்ணு சார் மேடையில் இருப்பார். மாமா போய், "போன் பண்ணதுக்கு நன்றி சார்" என்று சொல்லிவிட்டால்? பார்த்தால், நேராக அவரிடம்தான் போகிறார். கையைக் குலுக்கினார். காதில் ஏதோ சொன்னார். வைரக்கண்ணு சார் அந்த உறிஞ்சல் மூக்கோடு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். விடாமல் சிரித்தார்கள். வைரக்கண்ணு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் மாமா ஒரு ஜோக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர், அன்றைக்கு எதைச் சொன்னாரோ தெரியவில்லை. எப்படியோ நான் தப்பித்தேன்.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். மாமாவின் பாண்டான் பீர் இரண்டாவது இடம்! "வந்து… ஸ்ஸ்… போன வருஷம் இருந்த அந்த நாய் இந்த வருஷம் இல்ல. பாட்டில் அவ்வளவு சுத்தம். யாரோ உசிரைக் கொடுத்துக் கழுவியிருக்காங்க" என்றார் நடுவர். எப்படி ஜெயித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதிர்ஷ்டம்தான். ரூம் போச்சு. அம்மா, "தீர்ப்புன்னா தீர்ப்பு" என்றுவிட்டார். மாமா கோப்பையைப் பாம் ஷெல்டரில் வாளிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நான் மறுபடி சோபாவில்.

அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரி முழுக்க, யார் குரலும் இல்லாமல், என் குரலிலேயே அழுதேன். மாமா தண்ணீர் குடிக்க வந்தவர் ஹாலில் கொஞ்ச நேரம் நின்றார். தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், ஏமாந்தது யார்? மாமாதானே? அது இன்னும் என் கையில் இருக்கிறது. சரியான நாள் பார்த்து, எல்லாரும் கூடியிருக்கும்போது, வைரக்கண்ணு சார் குரலில் 'விக்கல் நின்னுடுச்சா?' என்று கேட்பேன். காது சிவக்கும். அந்த நாளும் வந்துவிட்டது ஆன்ட்டி, இன்றைக்குத்தான். ஏன் என்றால், முந்தாநாள் எனக்கு ஒரு போன் வந்தது.

குரல் கழகம். பலகுரல் போட்டி நடத்துகிறார்களாம். பேசியவர் வயதானவர். தொண்டையில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரிக் குரல். வாக்கியத்தின் நடுவே நிறுத்தி இருமுவார். "உங்க திறமையைக் கேள்விப்பட்டோம் பாப்பா. ஜெயிச்சா… க்ஹம்… ஒரு ரூமே கிடைக்கும். சத்தம் வெளிய கேக்காத ரூம்." எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் வேண்டாத சாமி இல்லை. இன்று சாயங்காலம் கோப்பையோடு வீட்டுக்குப் போவேன், எல்லாரும் இருப்பார்கள், அப்போது மாமாவிடம் உடைப்பேன். இதுதான் என் திட்டம்.

போட்டி எங்கே என்றால் ஜூரோங்கில். ஒரு புளோக்கின் ஒன்பதாவது மாடி. வேடிக்கை பாருங்கள், அதே புளோக்கில்தான் மாமாவின் சிநேகிதர் லிம் அங்கிள் இருக்கிறார். அவரும் பீர் காய்ச்சுகிறவர். தன்னிடம் இரவல் வாங்கின பாட்டில்களை மாமா இன்னும் திருப்பித் தரவில்லை என்று லிம் அங்கிள் தினமும் போன் பண்ணுவார். "குணா, மை போட்டல் எங்கே லா? வருஷம் போச்சு லா!" மாமா, "அவ்வளவு கனத்தை ஜூரோங் வரைக்கும் எவன் தூக்கிட்டுப் போறது" என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். லிம் அங்கிளும் ஒன்பதாவது மாடிதான் என்று ஞாபகம். போட்டி முடிந்து அப்படியே ஒரு ஹலோ சொல்லிவிட்டு வரலாம்.

இந்தப் பாட்டில் எதற்கா? அதைச் சொல்ல மறந்தேனே. போட்டியின் முதல் சுற்று பாட்டில் ஊதுவதாம். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சுரம் வரவழைக்க வேண்டுமாம். "நாப்பது பீர் பாட்டில் கொண்டாந்துடு பாப்பா" என்றார். மாமாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எடுத்துக்கோ கண்ணு" என்று தானே எண்ணி அடுக்கி, துணி சுற்றி, இரண்டு பையிலும் கட்டிக் கொடுத்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். பஸ் திரும்புகிறவரை கையாட்டினார். நல்ல மனிதர் ஆன்ட்டி. ஏமாற்றியிருக்க வேண்டாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அங்கேயும் நின்று இருமிக்கொண்டுதான் இருந்தார், மறு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

கழுவியதா? ஆமாம், நேற்று முழுக்க அதுதான் வேலை. கழகத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், பாட்டில் எல்லாம் ஏழு தண்ணியில கழுவி…

என்ன ஆன்ட்டி? ஏன் தோள் குலுங்குகிறது? அந்த இடம் இன்னும் வரவில்லையே. நான் சொல்லவே இல்லையே. மாமாவுக்கு இன்னும் தெரியாது, வீட்டுக்குப் போய்த்தான்… இப்போது என்ன சொன்னேன்? கழுவச் சொன்னார் என்றேன். எத்தனை தண்ணியிலா? ஏழு தண்ணியில.

ஏழு.

இல்லை, இருங்கள். கழகத்துக்காரருக்கு ஏழு தண்ணீர் எப்படி… அது வைரக்கண்ணு சாருக்கே தெரியாதே. அது நான் சொன்னது. நான் சொல்லி, மாமா மட்டும்தான்…

ஒன்பதாவது மாடி.

லிம் அங்கிளின் பாட்டில்.

அந்த இருமல்.

அப்படியென்றால் முதல் நாளே… முதல் போனிலேயே… விக்கல் நின்னுடுச்சா என்று நான் கேட்டபோதே…

எங்கள் வீட்டில் மட்டும்தானே அதை…

ஆன்ட்டி, என் காதை ஏன் பார்க்கிறீர்கள்?

சரி. சிரியுங்கள். இதுதான் அந்த இடம்.